பழைய வண்டிக்கு டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும் நேரம் வந்தால் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். போனிலும் டீக்கடையிலும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டியூப் டயருக்கும் டியூப்லெஸ்ஸுக்கும் உண்மையில என்ன வித்தியாசம்?

டியூப் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் டியூப். டயர் அதற்கு மேல் உறை, அவ்வளவுதான். ரிம்மில் எத்தனை ஓட்டை இருந்தாலும் காற்றுக்குப் பாதகமில்லை. டியூப்லெஸ்ஸில் டயரும் ரிம்மும் சேர்ந்துதான் காற்றைப் பிடிக்கின்றன. அதற்காக டயரின் உட்புறம் காற்று கசியாத தனி ரப்பர் அடுக்கு இருக்கும், டயரின் ஓரம் ரிம்மோடு இறுக்கமாக உட்காரும், வால்வு ரிம்மிலேயே பொருத்தியிருக்கும்.

ஆக, டியூப்லெஸ் என்பதில் பாதி டயர், பாதி ரிம். கடையில் டயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

என் வண்டியில இப்ப என்ன இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

டயரின் பக்கவாட்டில் டியூப்லெஸ் என்றோ டியூப் டைப் என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். சுருக்கமாக டி.எல்., டி.டி. என்றும் இருக்கலாம். ஆனால் டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருப்பதால் உள்ளே டியூப் இல்லை என்று அர்த்தமில்லை. சக்கரத்தைப் பாருங்கள். கம்பி, அதாவது ஸ்போக்ஸ் ரிம்மின் நடுவில் துளைத்துக்கொண்டு போனால் உள்ளே டியூப் இருக்கிறது.

அலாய் என்றாலே டியூப்லெஸ் என்பதும் தப்பு. அலாய் வந்த புதிதில் நம் ஊர் பைக்குகள் பலவற்றுக்கு உள்ளே டியூப்தான் போட்டு வந்தது.

இப்ப வர்ற வண்டியெல்லாம் டியூப்லெஸ். என் 1985 புல்லட்டுக்கு மட்டும் ஏன் ஆகாதுங்கறீங்க?

இரண்டு காரணம். முதலாவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒவ்வொரு கம்பியின் நிப்பிளுக்கும் (கம்பியை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன நட்டு) ரிம்மில் ஒரு துளை இருக்கிறது, டியூப் இல்லாவிட்டால் காற்று அத்தனை துளை வழியாகவும் போய்விடும்.

இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை, அதுதான் பெரியது. டியூப்லெஸ் ரிம்மின் உள்பக்கம் டயர் ஓரம் உட்காரும் இடத்துக்கு அடுத்து வட்டமாக ஒரு சின்ன மேடு ஓடும். காற்று குறைந்தாலும் டயரின் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் நழுவாமல் அந்த மேடு தடுத்து நிறுத்தும். இப்படிப்பட்ட ரிம்மில் பெரும்பாலும் எம்.டி. என்ற எழுத்துகள் இருக்கும். பழைய வண்டிகளின் ரிம் டபிள்யூ.எம். வகை, டபிள்யூ.எம். 2 என்றால் 1.85 இன்ச் அகலம், டபிள்யூ.எம். 3 என்றால் 2.15 இன்ச். இவற்றில் அந்த மேடு கிடையாது. துளையையெல்லாம் எப்படியோ அடைத்துவிட்டாலும் மேட்டை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

கடைக்காரர் 'டியூப்லெஸ் டயர்தான் இருக்கு, உள்ள டியூப் போட்டுத் தர்றேன்'கிறார். போடலாமா?

போடலாம். சைஸ் சரியாக இருந்தால் பெரிய தப்பு ஒன்றுமில்லை, இப்போது சில சைஸ்களில் டியூப் டைப் டயரே தேடவேண்டியிருக்கிறது. மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். டயருக்குள் கையை விட்டுத் தடவுங்கள். சில டியூப்லெஸ் டயர்களின் உட்புறம் வரிவரியாக மேடு இருக்கும், அது டியூப்பை உரசி உரசித் தேய்த்துவிடும். இரண்டாவது, டயரும் டியூப்பும் சேர்ந்தால் சூடு கொஞ்சம் கூடும், அதனால் சில கம்பெனிகள் டயரின் வேகக் குறியீட்டை ஒரு படி குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன. டயரில் கடைசியில் இருக்கும் எழுத்துதான் அந்தக் குறியீடு: ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், எல் 120, எம் 130, பி 150. பழைய புல்லட்டை வைத்துக்கொண்டு இந்த எல்லையைத் தொடுவது கஷ்டம், ஆர்.டி. 350 மாதிரி வேகமான பைக் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

மூன்றாவது, டியூப்லெஸ் டயரின் ஓரம் விறைப்பாக இருக்கும். ரோட்டோரம் உட்கார்ந்து லீவர் போட்டுக் கழற்றுவது லேசில்லை. அப்புறம், டியூப்லெஸ் டயர் போட்டுவிட்டோம், இனி பஞ்சர் ஆனால் மெதுவாகத்தான் காற்று இறங்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே டியூப் இருக்கும்வரை அது டியூப் வண்டிதான்.

அப்ப மாத்தி, டியூப் டைப் டயரை அலாய் வீல்ல டியூப் இல்லாம மாட்டினா?

கூடாது. காற்றுப் பிடிக்கிற உள் அடுக்கு அந்த டயரில் இல்லை. இன்றைக்கு நிற்கிற மாதிரி தெரியும், அதை நம்பி ரோட்டில் இறங்க முடியாது.

டியூப் வண்டி பஞ்சர் ஆனா ரொம்ப ஆபத்துன்னு சொல்றாங்களே, நிஜமா?

வேகத்தில் ஆபத்துதான், மறைக்கவேண்டியதில்லை. டியூப் இழுபட்ட நிலையில் உள்ளே இருக்கிறது. ஆணி குத்தினதும் ஓட்டை கிழிந்து பெரிதாகும், வெளியே வந்த காற்று டியூப்புக்கும் டயருக்கும் நடுவே ஓடி நிப்பிள் துளை, வால்வுத் துளை வழியாகச் சில நொடியில் போய்விடும். டியூப்லெஸ்ஸில் ஆணியையே ரப்பர் கவ்விப் பிடித்துக்கொள்வதால் காற்று மெதுவாக இறங்கும், பல நேரம் வீடுவரைக்கும் வந்துவிடலாம். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின்னால் லாரி இறங்கிக்கொண்டிருக்கும்போது, இந்த வித்தியாசம் சின்னதில்லை.

ஆனால் அதற்காகப் பழைய வண்டியே ஓட்டக்கூடாது என்றில்லை. காற்று இறங்குவது தெரிந்ததும் ஹேண்டிலை நேராகப் பிடியுங்கள், ஆக்ஸிலேட்டரை விடுங்கள், காற்றுப் போன சக்கரத்தின் பிரேக்கைத் தொடாமல் மற்ற சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பயன்படுத்தி ஓரம் கட்டுங்கள். பின் டயர் போனால் வண்டி ஆட்டம் காட்டும், சமாளித்துவிடலாம். முன் டயர் போனால்தான் சிக்கல், மேலே சொன்ன மேடு இல்லாத ரிம்மில் டயர் உள்ளே நழுவி ஹேண்டில் சொன்னபடி கேட்காது. அதனால் நல்ல டயரும் புது டியூப்பும் எப்போதும் முன்சக்கரத்துக்குப் போகட்டும். நம் ஆட்கள் 'பின்னாடிதானே லோடு' என்று நேர்மாறாகச் செய்கிறார்கள்.

அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியா ஒகேனக்கல் போறோம். வழியில பஞ்சர் ஆனா என்ன பண்றது?

காட்டு வழி, கடை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு புது டியூப் (முன்னும் பின்னும் சைஸ் வேறு என்றால் இரண்டு), லீவர் இரண்டு, அச்சு நட்டுக்குச் சரியான ஸ்பேனர், கைப்பம்பு, டியூப்பில் தடவக் கொஞ்சம் பவுடர், பேட்ச், சொல்யூஷன். இதைத் தூக்கிப்போவதோடு நிறுத்தாமல் வீட்டு வாசலில் ஒருமுறையாவது சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பஞ்சர் போட்டவர்கள் திரும்பத் திரும்பக் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. டியூப்பை மாற்றுவார்கள், குத்தின முள்ளைத் தேடமாட்டார்கள். வேலமுள் டயருக்குள் முறிந்து நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் கரும்புள்ளி மாதிரிகூடத் தெரியாது. டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை வைத்து மெதுவாகத் தேயுங்கள், துணி சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலை வேகமாக ஓட்டினால் விரல்தான் கிழியும். கிரானைட் லாரி ஓடுகிற பர்கூர் பக்கம் என்றால் முள்ளுக்குப் பதில் கல் சில்லு.

புது டியூப்பைக் கொஞ்சமாகக் காற்று ஊதி, உருண்டை வடிவம் வந்ததும் உள்ளே வையுங்கள். தட்டையாகச் செருகினால் மடிந்துகொள்ளும், லீவர் கடிக்கும். டயரைக் கடைசியாக ஏற்றுகிற இடம் வால்வுப் பக்கமாக இருக்கட்டும், எதிர்ப்பக்க ஓரத்தைக் காலால் மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் லீவருக்கு வேலை குறைவு. எவ்வளவு பலம் போட்டும் ஏறவில்லை என்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம், இன்னும் பலம் போடுவதில் பயனில்லை.

ஆணியும் இல்ல முள்ளும் இல்ல, ஆனா மாசம் ஒருதடவை பஞ்சர். என்ன கொடுமை இது?

டியூப்பில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. ரிம் பக்கம் இருந்தால் கம்பி முனை நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டு குத்துகிறது, அல்லது ரிம்முக்குள் துரு. கம்பிகளுக்கு மேல் சுற்றிப் போடுகிற ரிம் டேப் என்ற ரப்பர் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அது எப்போதோ கிழிந்து, எறிந்துவிட்டு, திரும்பப் போடாமலே விட்டிருப்பார்கள். நீட்டின கம்பியை அரத்தால் ராவி, துருவைத் தேய்த்து, புது ரிம் டேப் போட்டால் தொல்லை தீரும். சக்கரத்தில் கோட்டம் எடுத்த (கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தை நேராக்கின) பிறகு பஞ்சர் ஆரம்பித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கம்பி முனைதான்.

பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு கீறல் இருந்தால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. வால்வு அடியில் கிழிந்திருந்தால் வேறு கதை. காற்று குறைந்த டயர் பிரேக் பிடிக்கும்போது ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும், டியூப்பையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும். வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் உடனே காற்றை இறக்கிச் சரி செய்யுங்கள். இதனால்தான் வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கக்கூடாது, மேலே மூடிப் பக்கம் ஏற்றிவைத்துவிட வேண்டும். பஞ்சர் கடையில் இறுக்கித்தான் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்து தளர்த்திவிடுங்கள்.

பஞ்சர் ஆகாம இருக்க ஜெல் ஊத்தச் சொல்றாங்க. ஊத்தலாமா?

டியூப்லெஸ்ஸுக்குச் சரி. டியூப்பில் சின்ன முள் ஓட்டையை அடைக்கும், ஆணி கிழித்த ஓட்டையை அடைக்காது. ஜெல் ஊற்றின டியூப்பில் பேட்ச் ஒட்டுவதற்குள் பஞ்சர் கடைக்காரர் உங்களைத் திட்டித் தீர்த்துவிடுவார். ஆகவே டியூப்பில் ஜெல் வேண்டாம் என்பது என் கட்சி.

3.25-19 டயர் கேட்டா '90/90 போட்டுக்கோங்க, ஒண்ணுதான்'கிறாங்க. ஒண்ணா?

கிட்டத்தட்ட, ஆனால் ஒன்றல்ல. 3.25-19 என்பதில் 3.25 டயரின் அகலம் இன்ச்சில், 19 ரிம்மின் விட்டம். 90/90-19 என்பதில் முதல் 90 அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது 90 உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 3.25 இன்ச் என்றால் சுமார் 83 மில்லிமீட்டர். ரிம் விட்டம் ஒத்துப்போனால்தான் மற்றதைப் பேசவே வேண்டும், 19-க்கு 18 போகாது. பழைய புல்லட் 350-க்கு இரண்டு பக்கமும் 3.25-19, ஆர்.எக்ஸ். 100-க்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18, பழைய ஜாவாவுக்கு 3.25-16. வாங்குவதற்கு முன் உங்கள் ரிம்மில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், பழைய வண்டியில் முந்தைய ஓனர் எதை மாற்றியிருப்பார் என்று சொல்ல முடியாது.

16 இன்ச்சுக்கு நல்ல டயர் கிடைப்பது அரிது. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடலாம், பக்கம்தான். ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜாவா தினத்துக்குக் கூடுகிற ஆட்களிடம் விசாரித்தால் எங்கே ஸ்டாக் இருக்கிறது என்று சுலபமாகத் தெரிந்துவிடும்.

ஒரு சைஸ் பெரிசா போட்டா கெத்தா இருக்குமே?

நிற்கும்போது இருக்கும். ஒல்லி ரிம்மில் தடி டயர் போட்டால் அதன் ஓரங்கள் உள்பக்கமாக இழுபட்டு டயர் உருண்டையாகிவிடும், ரோட்டில் படுகிற இடம் நீங்கள் நினைத்த அளவுக்குக் கூடாது, வளைவில் வண்டி திரும்பக் கனக்கும். மட்கார்டு, செயின், ஸ்விங் ஆர்ம் எதிலாவது உரசுகிறதா என்று ஆள் உட்கார்ந்த நிலையில் பாருங்கள், வெறும் வண்டியில் பார்த்தால் தெரியாது. ஆர்.எக்ஸ். பின்னால் ஸ்ப்ளெண்டருக்கு வருகிற 80/100-18 போடுகிறார்கள், அதுவரைக்கும் சரி. அதற்கு மேல் போய்விட்டு ஆர்.எக்ஸ். இழுவை போய்விட்டது என்று கார்புரேட்டரைத் திட்டக்கூடாது.

டயர் புத்தம்புதுசா இருக்கு, பத்து வருஷமா ஓட்டவே இல்ல. அப்படியே விடலாமா?

டயருக்குத் தேய்மானம் ஒரு வயது, வருஷம் இன்னொரு வயது. பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டினாலே நன்றாகப் பரிசோதிக்கவேண்டும், பத்தைத் தாண்டினது பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள்) எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். நம் பக்கத்து வெயிலில் நிற்கிற வண்டியில் பக்கவாட்டில் நூல் நூலாக வெடிப்பு வந்துவிடும், ரப்பர் கல்லாகிவிடும், முதல் மழையில் வழுக்கும். கடையில் வாங்கும்போதும் இதே எண்ணைப் பாருங்கள், ஓடாத சைஸ் என்பதால் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். டயர் மாற்றும்போது டியூப்பும் ரிம் டேப்பும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். அதில் மிச்சம் பிடிக்கிற காசு ஒரு தடவை வண்டியை ஆட்டோவில் ஏற்றினால் போய்விடும்.

ஸ்போக்ஸ் ரிம்ல சிலிகான் அடிச்சு டியூப்லெஸ் ஆக்கித் தர்றாங்களாமே?

ஆக்குகிறார்கள். நிப்பிள்களின் மேல் சிலிகானோ பசை டேப்போ ஒட்டி, தனி வால்வு வைத்துத் தருவார்கள். ஜப்பான், இத்தாலியிலிருந்து வருகிற தயார் கிட்களும் உண்டு, அவை ரிம்மின் வடிவம் பார்த்துத்தான் பொருந்தும். நம் ஊர் ரோட்டில் கம்பி தளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை கோட்டம் எடுக்கும்போதும் நிப்பிள் திரும்பும், ஒட்டினது விடும், மறுபடி முதலிலிருந்து. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் 1985 புல்லட்டுக்கு ஏன் ஆகாது என்ற கேள்வியில் சொன்ன மேடு? அதை எந்தச் சிலிகானும் தராது. காற்று முழுசாக இருக்கும்வரை ஒழுங்காக ஓடும், காற்று இறங்கும்போதுதான் டயர் ரிம்மில் நிற்குமா என்பது தெரியும், அந்த நேரத்தில் தெரிந்து என்ன பயன்? எம்.டி. வகை ரிம் என்றால் யோசிக்கலாம், பழைய டபிள்யூ.எம். ரிம்மில் வேண்டாம்.

கம்பிச் சக்கரத்திலேயே கம்பெனி டியூப்லெஸ் வருகிறதே என்பார்கள். அது வேறு அமைப்பு. கம்பிகள் ரிம்மின் நடுவில் துளைக்காமல் ஓரத்தில் மாட்டியிருக்கும். பி.எம்.டபிள்யூ. 1987-ல் ஆர் 100 ஜி.எஸ். வண்டியில் இப்படிக் கொண்டுவந்தது, இப்போது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-க்கும் கிடைக்கிறது. அதை எடுத்துப் பழைய புல்லட் ஹப்பில் பூட்ட முடியாது.

பேசாம அலாய் வீல் மாத்திட்டா? ஆர்.டி.ஓ.-வில ஏதும் சொல்வாங்களா?

தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போய்வர அந்த வண்டிதான் என்றால், ஹப், டிரம் பிரேக், ஸ்பேசர் எல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்த நல்ல அலாய் கிடைத்தால், மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. சிலிகானைவிட இது எவ்வளவோ மேல். வாங்கும்போது டியூப்லெஸ் ரிம்தானா என்று உள்பக்கம் மேட்டைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத மலிவு அலாய் பள்ளத்தில் விழுந்தால் விரிசல் விடும். கம்பி வீல் கோணினால் கோட்டம் எடுத்து ஓட்டலாம்.

சட்டம் என்று பார்த்தால், ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு. பதினைந்து வருஷம் தாண்டி ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது மாற்றியது கண்ணில் படும், ஆகவே முன்னாடியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு வி.ஏ. எழுத்துகளோடு தனி எண் வாங்கலாம். அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது, அந்த வண்டியைத் தினசரி வேலைக்கு ஓட்டவும் கூடாது. அந்த வழியில் போகிற எண்ணமிருந்தால் கம்பி வீலைக் கழற்றாதீர்கள். மாற்றித்தான் தீருவேன் என்றாலும் பழைய ரிம்மையும் ஹப்பையும் காயலான் கடைக்குப் போடாமல் பரணில் ஏற்றுங்கள்.

முன்னாடி டியூப், பின்னாடி டியூப்லெஸ்னு கலந்து ஓட்டலாமா?

ஒவ்வொரு டயரும் அதன் ரிம்முக்குப் பொருத்தமாக இருந்தால் ஓட்டலாம். ஒரு பக்கம் ரேடியல் (உள்ளே நூல் அடுக்கு நேர்குறுக்காக ஓடுகிற வகை), ஒரு பக்கம் சாதா டயர் (நூல் அடுக்கு சாய்வாக ஓடுவது) என்று மட்டும் கலக்காதீர்கள்.

பஞ்சர் கடையில 19 டியூப் இல்ல, 18 இருக்கு, போட்டு விடட்டுமானு கேக்கறார். என்ன சொல்றது?

அகலம் சரியாக இருந்தால் வீடு போய்ச் சேர ஒத்துக்கொள்ளலாம். டியூப்பிலேயே 2.75/3.00-18 என்று இரண்டு அகலம் சேர்த்துப் போட்டிருப்பார்கள், கடைசியில் வருவதுதான் ரிம் விட்டம். சின்ன டியூப் இழுபட்டு மெலியும், அதனால் ஓட்டை விழுந்தால் சீக்கிரம் கிழியும், மெதுவாகப் போங்கள். பெரிய டியூப்பைச் சின்ன ரிம்மில் திணிப்பது அதைவிட மோசம், மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே அறுந்துவிடும். ஊர் வந்ததும் மறுநாளே சரியான டியூப் வாங்கி மாற்றிவிடுங்கள், ஓடுகிறதே என்று விட்டால் அது அப்படியே ரெண்டு வருஷம் உள்ளே கிடக்கும்.